இரண்டெழுத்து

கேணல் மாத்தயா குளக்கட்டில் நின்று கேட்டார்.
நான் அதைத் தமிழில் கேட்டேன்:
"ஆம்பிளை இல்லாத வீடு எத்தனை?
கையை உயர்த்துங்கோ. சோலார் விளக்குத் தரப் போகினம்."

முதிரையடிக்குளத்தில் அன்று
பதினாறு கைகள் உயர்ந்தன.
பதினேழாவது, சிவபாக்கியத்தின் கை,
பாதி வழியில் நின்றது.
காணாமல் போனவனைக்
கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று
அவளுக்கு இன்னும் தெரியாது.
"பாதிக் கைக்கும் முழு விளக்கு எழுது" என்றார்.
எல்லோரும் சிரித்தோம்.
அப்படித்தான் அவரை நம்பத் தொடங்கினோம்.

பெயர். படலையின் அடையாளம்.
நாய் உண்டா, இல்லையா.
நாயை ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.
என் சிங்களம்
கெக்கிராவைப் பேக்கரியில் மாவோடு பிசைந்தது;
ஏன் என்ற சொல் அங்கே அதிகம் தேவைப்படவில்லை.
ஆனால் என் எழுத்து வடிவு.
அந்தத் தாளில் அது முத்து முத்தாய் இருந்தது.

பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்.
விரியன் கடித்த பொடியனொருவனைத்
தன் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டு
மல்லாவிக்கு ஓடினார். பிழைத்தான்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.
அந்தப் பொடியனின் தாய் இராசமலர்.
பட்டியலில் ஒன்பதாவது பெயர்.

மாசியில் ஒரு வீட்டின் பின்கதவு.
பங்குனியில் இரண்டு.
கள்ளன் என்றார்கள்.
என்ன களவு போனதென்று ஒருத்தியும் சொல்லவில்லை.
மூன்று விளக்குகள் மட்டும்
ஒரு விடியலில் என் வாசலில் கிடந்தன.
வெளிச்சம் வேண்டாமாம்.

வைகாசியில், யானை வந்த இரவில்,
வந்ததென்று நாங்கள் நினைத்த இரவில்,
குளத்தின் அந்தப் பக்கம் ஒரு சத்தம்.
யானை வெடி கொளுத்தினோம்.
ஒன்று, இரண்டு, ஏழு.
வெடி ஓய்ந்தபோது
இராசமலரும் ஓய்ந்திருந்தாள்.

செத்தவீட்டுக்கு வந்தார்.
சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தார்.
இரண்டு கிலோ சீனி, தேயிலை.
பொடியனின் தலையைத் தடவியபடி சொன்னார்:
"செய்தவனைப் பிடிப்போம்."
மூன்று சொல்லும் இல்லை அது.
"உங்கட தங்கச்சிக்கு இதைச் செய்தவன்
எந்தப் பொந்துக்குள்ள ஒளிச்சாலும்
இழுத்துக்கொண்டு வருவம் அக்கா" என்று நான் சொன்னேன்.
அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள்.

பிடித்துக் கொடுத்தது அவருடைய சாரதி,
குருநாகல் பக்கத்துக் கோப்ரல்.
ஜீப் இருக்கையின் கீழே ஒரு பிஸ்கற் தகரம்.
கொண்டை ஊசிகள், ஒற்றைத் தோடு,
எட்டாய் மடித்த ஒரு தாள்.
ஐந்து பெயர்களுக்கு நேரே புள்ளடி.
நாங்கள் அறிந்தது நாலு.
கோப்ரல் பொலிசில் அழுதானாம்,
தகப்பனைக் காட்டிக் கொடுத்தது போல இருக்கிறதென்று.

நீதவான் இடத்தைப் பார்க்க வந்த நாளில்
கோட்டு மொழிபெயர்ப்பாளரின் மோட்டார் சைக்கிள்
மாங்குளத்தில் பழுது.
"ஆருக்கு இஞ்ச சிங்களம் தெரியும்?"
ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
என் கை பாதி வழியில் நின்றது.

அவர் எதையும் ஒளிக்கவில்லை.
மழைக் கணக்கு வாசிப்பவர் போலத் தொடங்கினார்:
"மம."
அந்த மொழியில் இரண்டெழுத்து.
எங்கள் மொழியிலும் இரண்டெழுத்துத்தான்.
"அவர் சொல்லுறார், தான்..." என்று இழுத்தேன்.
நீதவான் தலையசைத்து மறுத்தார்.
"சொன்னபடியே சொல்லும்."

நான்.
நான் பின்கதவால் வந்தேன்.
இந்த வீட்டில் நாய் இல்லையென்று
எனக்குத் தெரியும்.
நான்தான் விளக்கை அணைத்தேன்.

முதிரை நிழலில் நின்ற பதினாறு பெண்களும்
அவரைப் பார்க்கவில்லை.
என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
அவர் அடுத்த வசனத்துக்கு மூச்சை இழுத்தார்.
நானும் இழுத்தேன்.